ஏன் வரவில்லை என்று யார் கேட்பது?



தொழுகை வரிசையில் அன்றாடம் ஒரே இடத்தில் நிற்கும் பெரியவர் ஒருவரை இரண்டு வக்துக்குக் காணவில்லை என்றால், மூன்றாவது வக்தில் ஸலாம் கொடுத்து முடித்ததும் யாராவது ஒருவர் மோதினாரிடம் கேட்டுவிடுவார். ‘பெரியவரைக் காணோமே, உடம்புக்கு முடியவில்லையா?’ மோதினாருக்கும் தெரியவில்லை என்றால், அஸருக்குப் பின் இருவர் அவர் வீட்டு வாசலுக்கே போய் விசாரித்து வருவார்கள். இதற்காக எந்த ஜமாஅத்தும் தீர்மானம் போட்டதில்லை. துணைக்குழு அமைத்ததில்லை. வரிசையில் ஓர் இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது, கேட்டார்கள், அவ்வளவுதான்.

அதே தெருவில், அதே பள்ளிவாசலின் சந்தாப் புத்தகத்தில் பெயருள்ள ஒரு வீட்டில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டரை மணிக்குச் சீருடை அணிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் புறப்படுகிறான். மாலையில் நேரத்துக்குத் திரும்பியும் விடுகிறான். இடைப்பட்ட பொழுதில் அவன் இருப்பது இரு சக்கர வாகனப் பட்டறையிலோ, ஆற்றங்கரையிலோ, கைப்பேசி வைத்திருக்கும் நண்பனின் வீட்டு மாடியிலோ. அவன் உடல்நலமின்றி வீட்டில் இருக்கிறான் என்று பள்ளிக்கூடம் நினைக்கிறது. அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்று வீடு நினைக்கிறது. இது அவ்விருவருடைய கவலை என்று பள்ளிவாசல் நினைக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்த பின்னர்தான், ‘அவன் படிப்பை விட்டுவிட்டானாமே’ என்ற செய்தி நம் காதுக்கு வருகிறது. அப்போது நாம் வருந்துகிறோம், பயானில் கல்வியின் சிறப்பைப் பேசுகிறோம், ஆண்டு விழாவில் அதிக மதிப்பெண் பெற்றவருக்குப் பரிசு கொடுக்கிறோம். படிப்பை விட்ட பையன் அவ்விழாவுக்கு வருவதில்லை.

பிள்ளை பள்ளியை விட்ட பிறகு அவனைத் திரும்பச் சேர்ப்பதற்காக நாம் செலவிடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கை, அவன் முதல் மூன்று நாள் வராமல் இருந்தபோதே செலவிட்டிருந்தால் போதும் என்பது இக்கட்டுரையாளனின் உறுதியான கருத்து. அந்த மூன்றாம் நாள் விசாரிப்பை அரசாங்கத்தைவிடவும் பள்ளிக்கூடத்தைவிடவும் மஹல்லாவே நன்றாகச் செய்ய முடியும். அதற்குத் தேவையான அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை இந்தக் காரியத்துக்கு நாம் பயன்படுத்துவதில்லை.

வராதவரைத் தேடுவது மார்க்கத்துக்குப் புதிதன்று. அந்நம்ல் அத்தியாயத்தில் நபி சுலைமான் (அலை) அவர்களின் வரலாற்றை ஓதுகிறோம். ஜின்களும் மனிதர்களும் பறவைகளும் அடங்கிய பெரும்படை அவர்களுடையது. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரே ஒரு ஹுத்ஹுத் பறவை இல்லாதது அவர்களின் பார்வைக்குத் தப்பவில்லை. தக்க காரணம் சொல்லாவிட்டால் கடுமையாகத் தண்டிப்பேன் என்று சொன்னார்கள். ஆயினும், பறவை வந்து ஸபா நாட்டுச் செய்தியைச் சொன்னபோது முழுவதையும் கேட்டார்கள். சொன்னது உண்மைதானா என்று சோதித்தறியவும் ஏற்பாடு செய்தார்கள். வராததைக் கவனித்தல், காரணத்தைக் கேட்டல், கேட்டதைச் சரிபார்த்தல் ஆகிய மூன்றும் அங்கே வரிசையாக வருகின்றன. நம் வீடுகளிலோ முதலிரண்டும் இல்லாமலேயே தண்டனை வந்துவிடுகிறது.

ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் நெருக்கமானது. அவர் இயல்பிலேயே உரத்த குரல் உடையவர். நபி (ஸல்) அவர்களின் குரலுக்கு மேல் குரலை உயர்த்தக் கூடாது என்ற வசனம் அருளப்பட்டபோது, தம் நற்செயல்களெல்லாம் அழிந்தன என்று அஞ்சி அவர் வீட்டிலேயே தலை கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டார். அவரைக் காணாத நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு தோழர் சென்று பார்த்தார், காரணத்தை அறிந்தார், திரும்பி வந்து சொன்னார். அதே தோழரின் வழியாக நபி (ஸல்) அவர்கள் ஸாபித் (ரலி) அவர்களுக்குச் சுவனத்தின் நற்செய்தியைச் சொல்லியனுப்பினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியிருக்கிறது. முஸ்லிமின் அறிவிப்பில், விசாரிக்கப்பட்டவர் அவருடைய அண்டை வீட்டுக்காரரான ஸஅத் பின் முஆத் (ரலி) என்றும் வருகிறது. வராமல் இருந்தவர் சோம்பலினால் வராமல் இருக்கவில்லை, அச்சத்தினாலும் வெட்கத்தினாலும் வரவில்லை. அதை அறிய ஒருவர் வாசல் வரை போக வேண்டியிருந்தது.

பத்ர் போரின் கைதிகளுள் மீட்புத்தொகை கொடுக்க வழியற்றவர்கள் அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றதை நாம் மேடைதோறும் பெருமையுடன் சொல்கிறோம். முஸ்னத் அஹ்மதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் அந்த அறிவிப்பின் பிற்பகுதியை ஏனோ சொல்வதில்லை. ஒருநாள் ஒரு சிறுவன் அழுதுகொண்டு தந்தையிடம் வருகிறான். என்னவென்று தந்தை கேட்க, ஆசிரியர் அடித்துவிட்டார் என்கிறான். பத்ரின் பழியை என் பிள்ளையிடம் தீர்க்கிறானா என்று கொதித்த தந்தை, இனி அவனிடம் போகவே வேண்டாம் என்று சத்தியம் செய்துவிடுகிறார். மதீனாவின் அந்த முதல் எழுத்து வகுப்புகளிலேயே நின்றுபோன ஒரு பிள்ளை இருந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு காரணம் இருந்தது. கேட்பதற்கு ஒரு தந்தை வீட்டில் இருந்தார். நம் மஹல்லாக்களில் பல பிள்ளைகளின் தந்தையர் ரியாத்திலோ துபாயிலோ இருக்கிறார்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள்களையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாள்களையும் குறைந்த அளவாக வகுத்திருக்கிறது. வேலை நாள்களில் பத்தில் ஒரு பங்கு வராத பிள்ளையைத் தொடர் வருகைக் குறைவுள்ள பிள்ளையாகக் கருதி உடனே கவனிக்க வேண்டும் என்பது கல்வியாளர் பலர் ஏற்றுக்கொண்ட அளவுகோல். 220 நாளில் பத்தில் ஒன்று 22 நாள். ஜூன் முதல் ஏப்ரல் வரை பகிர்ந்தால் மாதத்துக்கு இரண்டே நாள். மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுக்கும் பிள்ளையைப் பார்த்து எந்தத் தாயும் அஞ்சமாட்டாள். ஒரு திருமணம், ஒரு மருதாணி இரவு, நன்னியாரைப் பார்க்கப் போன பயணம் என்று அது கழிந்துவிடும். ஆனால் கணக்குப் பாடத்தில் பின்னம் நடத்திய அன்று வராத பிள்ளைக்கு அதன் பின் வரும் விகிதம் புரிவதில்லை. விகிதம் புரியாத பிள்ளைக்கு அடுத்த ஆண்டு இயற்கணிதம் புரிவதில்லை. புரியாத வகுப்பில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எத்தகைய தண்டனை என்பதை, புரியாத மொழியில் நடக்கும் ஒரு கூட்டத்தில் நாள் முழுதும் அமர்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். ஒருநாள் வராமை மறுநாள் வராமைக்குக் காரணமாகிறது.

தமிழகத்தில் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைத் தேர்ச்சியில்லை என்று நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். சிறு வயதில் தோற்றவன் என்ற முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள் மறுபடியும் வாசல் மிதிக்காமல் போன காலத்தை அறிந்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். ஆயினும், சரளமாக வாசிக்கத் தெரியாத பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட முடிகிறது. அங்கேதான் அவன் பிடிபடுகிறான். எழுந்து நின்று ஒரு பத்தியை வாசிக்கச் சொல்கிறார்கள். பின்வரிசையில் சிரிப்பொலி. மறுநாள் அவனுக்கு வயிற்றுவலி. பதினான்கு வயதுப் பையன் தனக்கு வாசிக்க வரவில்லை என்பதைத் தாயிடம் ஒருபோதும் சொல்லமாட்டான். பட்டறைக்காரரோ அவனை எதையும் வாசிக்கச் சொல்வதில்லை. மாலையில் ஐம்பது ரூபாயும் தேநீரும் கொடுத்து, ‘கை வேலை சுத்தம்’ என்று பாராட்டவும் செய்கிறார். பள்ளியில் பத்தாண்டுகளாகக் கேட்காத ஒரு சொல் அது.

நீதிபதி சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கையில், நாட்டில் 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே சென்றதில்லை அல்லது இடையில் நின்றுவிட்டனர் என்று குறிப்பிட்டது. தென் மாநிலங்களில் நம் நிலை அதைவிட மேலானது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியும், திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும், சென்னையில் புதுக்கல்லூரியும், பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும், அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரியும் எழுப்பிய முன்னோர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. கட்டடம் எழுப்புவதில் நம் சமுதாயம் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. அக்கட்டடங்களின் வாசல் வரை வந்து சேராமல் ஒன்பதாம் வகுப்பில் கரைந்துபோகிறவர்களைப் பற்றித்தான் நாம் போதிய அக்கறை காட்டவில்லை.

காரணங்கள் எல்லாச் சமுதாயத்துக்கும் பொதுவானவை ஒருபுறம் இருக்க, நமக்கே உரியவை சிலவும் உண்டு. அவற்றைச் சொல்வதற்குக் கூச்சப்படக் கூடாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவற்றுள் ஒன்று. ஜும்ஆவுக்காக மாணவர்களை அனுப்பும் பள்ளிகள் பல. போனவர்களில் எத்தனை பேர் பிற்பகல் வகுப்புக்குத் திரும்புகிறார்கள் என்று வகுப்பாசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். தொழுகையின் பெயரால் கற்றுக்கொண்ட அரை நாள் விடுப்பு, பின்னர் தொழுகையும் இல்லாத விடுப்பாக மாறுகிறது. இதில் பையன்களை மட்டும் குற்றம் சொல்ல இயலாது. குத்பாவுக்கு முன் நிகழும் தமிழ் பயான் நாற்பது நிமிடம் நீண்டால், ஒன்றரை மணிக்கு மணி அடிக்கும் பள்ளிக்கு அவர்கள் எப்படித் திரும்புவார்கள்? தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவது ஒருவரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்ற கருத்தில் நபிமொழி இருப்பதை ஆலிம் பெருமக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. பள்ளி நாள்களில் பத்து நிமிடம் குறைப்பதும், தொழுகை முடிந்ததும் மாணவர்களைச் சேர்த்து அழைத்துச் செல்ல ஒருவரை நியமிப்பதும் எந்த நிர்வாகத்துக்கும் பாரமாகாது.

ரமளான் இன்னொன்று. 2025இல் நோன்பு மார்ச் 2 அன்று தொடங்கியது, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 3 அன்று தொடங்கியது. நாள்காட்டியின் இந்தச் சந்திப்பு இயற்கையானது, யாருடைய பிழையும் அன்று. ஆனால் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை தெருவில் மட்டைப்பந்து ஆடுவது இபாதத்தின் பகுதியன்று. அந்த இரவுகளின் உறக்கம் மறுநாள் பள்ளி நேரத்தில்தான் ஈடுசெய்யப்படுகிறது. அந்தப் பையன்களை இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு அனுப்பத் தெருவின் பெரியவர் ஒருவர் போதும்.

தந்தை வெளிநாட்டில் இருக்கும் வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிள்ளை வராத அன்று குறுஞ்செய்தி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. பதிவேட்டில் உள்ள எண்ணோ, தந்தை ஊரில் இருந்தபோது பயன்படுத்திய பழைய எண். அல்லது தாயின் எண்தான், ஆனால் கைப்பேசி இருப்பது பிள்ளையின் கையில். வந்த செய்தியை அழித்துவிட ஒரு நொடி போதும். பதினைந்து வயது மகன் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கும்போது, தனியாகக் குடும்பம் நடத்தும் தாய் அவனை அதட்டத் தயங்குகிறாள். தந்தையிடம் சொன்னால் அவர் அங்கே உறக்கமின்றித் தவிப்பார் என்று மறைக்கவும் செய்கிறாள். தந்தை விடுப்பில் வரும் ஒன்றரை மாதத்திலோ ஏர்வாடி, நாகூர், உறவினர் வீடுகள் என்று குடும்பமே பயணத்தில் இருக்கிறது. ஈராண்டுக்கு ஒருமுறை வரும் தந்தையோடு பிள்ளை இருக்க விரும்புவதை யார் மறுப்பார்? பள்ளிக்கு முன்கூட்டியே சொல்லி, விட்ட பாடத்தை ஈடுசெய்ய வழி கேட்டால் தீரும் காரியம் அது. சொல்லாமல் போவதுதான் பழக்கமாக இருக்கிறது.

வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி இங்கே நீட்டி எழுதவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோலும் காலணியும், மேலப்பாளையத்தில் பீடியும், எல்லா ஊர்களிலும் இறைச்சிக்கடையும் பிரியாணிக்கடையும் பட்டறையும் பிள்ளைகளின் கைகளை இழுக்கின்றன என்பது யாவரும் அறிந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்பது 2016இல் திருத்தப்பட்ட சட்டம். சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு, அதுவும் பள்ளி நேரத்துக்கு வெளியேயும் விடுமுறையிலும் மட்டுமே. ஜமாஅத்தின் முன்வரிசையில் நிற்கும் கடை முதலாளிகளுக்கு இதை யார் சொல்வது என்பதுதான் சங்கடம். இமாம் தனியே சொல்லலாம். சந்தா குறைந்துவிடுமோ என்ற அச்சம் நிர்வாகத்துக்கு இருந்தால், அந்தச் சந்தாவில் யாருடைய படிப்பு கலந்திருக்கிறது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

பெண்பிள்ளைகள் பட்டறைக்குப் போவதில்லை, ஆற்றங்கரையில் உட்காருவதுமில்லை. அவர்களின் வராமை சத்தமில்லாதது. வயதுக்கு வந்த பின் மாதந்தோறும் மூன்று நான்கு நாள் நிற்கிறாள். பள்ளியில் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் தண்ணீரும் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். தம்பியைப் பார்த்துக்கொள்ள, பாட்டிக்கு மருந்து கொடுக்க, தாய் பீடி இலை வெட்டும்போது சமையலைக் கவனிக்க என்று நிற்கிறாள். வழியில் எவனோ பின்தொடர்ந்தான் என்று சொன்னால் தன் படிப்பைத்தான் நிறுத்துவார்கள் என்று அஞ்சி, தலைவலி என்று சொல்லி நிற்கிறாள். ‘பெண் வரன் பார்க்கிற வயதாயிற்று’ என்று ஒரு நாள் முடிந்துபோகிறது. பெண் எங்கே நின்றாலும் அது வீட்டுக்குள் நிற்பது என்பதால் ஊர் அதை வராமையாகவே எண்ணுவதில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நிற்கும் பெண், தனக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருந்தது என்பதைக்கூட அறியாமல் நிற்கிறாள்.

சரி, மஹல்லா என்ன செய்ய முடியும்?

நம்மிடம் மூன்று பொருள்கள் இருக்கின்றன. சந்தாப் புத்தகம் ஒன்று. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பதை அதைக் கொண்டு ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். மக்தப் மதரஸாவின் வருகைப்பதிவேடு இரண்டாவது. வாரம் ஒருமுறை ஊரே கூடும் ஜும்ஆ மூன்றாவது. இவற்றில் நடுவில் உள்ளதன் அருமையை நாம் உணரவில்லை. காலை மதரஸாவுக்கும் வராமல் பள்ளிக்கும் போகாமல் இருக்கும் சிறு பிள்ளையின் காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும்: நோய், கடன், பெற்றோர் பிணக்கு, பயணம். மதரஸாவுக்கு ஒழுங்காக வந்துவிட்டுப் பள்ளிக்கு மட்டும் போகாத பிள்ளையின் காரணம் பள்ளியிலோ பள்ளிக்குப் போகும் வழியிலோ இருக்கும். இரண்டு பதிவேடுகளையும் வாரம் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஓர் உஸ்தாத், மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்வார். மதரஸா எட்டு மணிக்குத்தான் விடுகிறது, பிள்ளை பசியோடும் பதற்றத்தோடும் ஓடுகிறது என்றால், அந்தக் காரணம் நம்மிடமே இருக்கிறது, மதரஸா நேரத்தைக் கால் மணி முன்னே தள்ளினால் தீர்ந்தது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி, பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாகியிருக்கிறது. மதரஸா முடிந்து நேரே செல்லும் பிள்ளைக்கு அது பெரும் உதவி, சரியான நேரத்துக்குச் சென்றால்.

தெருவுக்கு இருவர் போதும். ஓர் ஆண், ஒரு பெண். ஆண்கள் இல்லாத வீட்டுக்குப் பெண்ணே போக வேண்டும், அதுவும் தெருவில் எல்லோரும் மதிக்கும் ஒரு நன்னியாவோ, ஓய்வு பெற்ற ஆசிரியையோ, அங்கன்வாடியில் பணி செய்தவரோ. பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை, அல்லது ஒரே மாதத்தில் விட்டுவிட்டு நான்கு நாள் வரவில்லை என்று வகுப்பாசிரியர் சொன்னால், அன்று மாலையே வாசலுக்குப் போக வேண்டும். போனவுடன் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவே கூடாது. ‘பிள்ளையைக் காணோமே என்று பார்க்க வந்தேன்’ என்றால் போதும். நோயாளியை நலம் விசாரிப்பது நம் கடமைகளுள் ஒன்றாக இருப்பதால், அந்த வாசல் நமக்குத் திறக்கும். தாய் பேசத் தொடங்கிவிட்டால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். அறிவுரை இரண்டாவது சந்திப்புக்கு இருக்கட்டும்.

பகல் பதினொரு மணிக்குச் சீருடையோடு ஒரு பையன் கடையில் நின்றால், அவனுக்குக் குளிர்பானத்தை விற்பதற்கு முன் ‘இன்று பள்ளிக்கூடம் இல்லையா தம்பி?’ என்று கேட்கும் கடைக்காரர்கள் நாலு பேர் இருந்தால், அவன் மறைந்து திரிய இடம் குறையும். அடிக்கவோ, பிடித்துவைக்கவோ, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவோ கூடாது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழி சிறுவர்களுக்கும் பொருந்தும். மிம்பரிலிருந்து பெயர் சொல்வது, சந்தாவைக் காட்டி மிரட்டுவது, திருமணப் பதிவேட்டைப் பிடித்துவைப்பேன் என்பது, இவையெல்லாம் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டா. ஒரு குடும்பத்தைப் பள்ளிவாசலிலிருந்து விலக்கும்.

சில காரணங்களை மஹல்லாவுக்குள் பேசி முடிக்கக் கூடாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை ஒரு பெரியவரைக் கண்டு அஞ்சுகிறது, அவர் ஆசிரியராயினும் உறவினராயினும் மதரஸாவில் உள்ளவராயினும், அந்த அச்சத்தில் தகாத தீண்டல் இருப்பதாகத் தெரிந்தால், அது குடும்ப மானத்தின் பெயரால் மூடப்படும் காரியமன்று. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற எண் அதற்காகவே இருக்கிறது. விசாரிக்கச் செல்வோர் பிள்ளையைத் தனியறையில் வைத்துப் பேசாமல், தாயின் கண்பார்வையிலேயே பேச வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தது.

வாசிக்கத் தெரியாமல் வெட்கப்பட்டு நிற்கும் பையனுக்கு என்ன செய்வது? மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நம் பள்ளிவாசல்களின் மேல்தளம் வெறுமையாகக் கிடக்கிறது. விளக்கும் மின்விசிறியும் பாயும் அங்கே இருக்கின்றன. தெருவில் கல்லூரிக்குப் போகும் நான்கு பேர் வாரத்துக்கு ஒருநாள் வீதம் முறை வைத்துக்கொண்டால், வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்க முடியும். பின்தங்கியோர் வகுப்பு என்று பெயர் வைத்துவிடாதீர்கள். அப்படிப் பெயர் வைத்த அன்றே அது காலியாகிவிடும். பெண்பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக்கூடமோ மதரஸா அறையோ ஏற்பாடு செய்யலாம். பணமே தடையாக இருக்கும் வீடுகளுக்கு, தகுதியுள்ளோராயின் ஸகாத்திலிருந்து கொடுப்பதைப் பற்றி உலமாக்களிடம் கேட்டுச் செய்யலாம். ரமளானில் அரிசிப் பையாகக் கொடுப்பதோடு, ஜூன் மாதத்தில் காலணியாகவும் பேருந்துக் கட்டணமாகவும் கொடுப்பதற்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவைத்தால் அது இன்னும் பயன்தரும்.

‘படித்தவன் மட்டும் என்ன சாதித்தான்? பட்டதாரிகள் துபாயில் சுமை தூக்குகிறார்கள்’ என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருப்பவரின் கடவுச்சீட்டுக்குக் குடியேற்ற அனுமதி முத்திரை தேவையில்லை, அது இல்லாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அந்த அனுமதியைத் தேடி அலைய வேண்டும் என்ற ஒன்றையாவது அவர்கள் எண்ணட்டும். தான் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரிந்த சுமைதூக்கிக்கும், தெரியாதவருக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை ஊர் திரும்பியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

‘அடுத்தவர் வீட்டுக் காரியத்தில் தலையிடலாமா?’ என்பது வேறொரு தயக்கம். இது நியாயமான தயக்கம்தான். துருவித் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. ஆனால் ஒருவரின் குறையைத் தேடிப் போவதும், காணாதவரைத் தேடிப் போவதும் ஒன்றல்ல. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த ஒருவரைக் காணாமல் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, அவர் இறந்துவிட்டதைத் தோழர்கள் சொன்னார்கள். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, அடக்கத்தலத்துக்கே சென்று தொழுதார்கள். பெரிதாக எண்ணத் தேவையில்லாத ஒருவர் என்று தோழர்கள் கருதிவிட்டதைப் போலிருந்தது என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பின் பின்வரிசைப் பையனையும் ஊர் அப்படித்தான் கருதிவிடுகிறது.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூவர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தெருப் பெண்களில் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள், இருப்பவர்கள் கூட்டத்துக்குப் போகிறார்களா, வருகைப்பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்களா? கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. நாமே நடத்தும் சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை வேறு. கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நம் உரிமையின் வெற்றியாகக் கொண்டாடினோம். சட்டம் கேட்காத இடத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற பொறுப்பும் அதனுடன் வந்தது. நம் பள்ளித் தாளாளர்கள் ஆண்டறிக்கையில் தேர்ச்சி விழுக்காட்டை அச்சிடுவதுபோல, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்பதையும் அச்சிடுவார்களா? நூறு விழுக்காட்டுத் தேர்ச்சிக்காகத் தேர்வுக்கு முன்பே பலவீனமான பிள்ளைகளை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும் பள்ளி எதுவானாலும், அதன் வாசலில் எந்தப் பெயர்ப்பலகை தொங்கினாலும், அது நம் பிள்ளைகளைத் தெருவில் விடுகிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வாரத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தெருவுக்கு இருவரும் சந்தாப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய், பள்ளிப் பதிவேட்டில் கொடுத்திருக்கும் கைப்பேசி எண் இன்று யாருடைய கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். செல்லாத எண்களைப் பள்ளி அலுவலகத்தில் மாற்றிக் கொடுக்கட்டும். தந்தை வெளிநாட்டில் இருந்தால், தாயின் சம்மதத்தோடு, தாய்மாமனின் எண்ணையோ வாப்பிச்சாவின் எண்ணையோ இரண்டாவதாகச் சேர்க்கட்டும். ஒரு மாலைப் பொழுதில், அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில், ஒரு தெரு முடிந்துவிடும்.